தூணில் ஒரு சிவப்புப் புள்ளி

அம்மாவைப் புதைத்த இடம் கடலோரத்தில் இருந்தது. கோலா சுங்கை பாருவுக்கு வெளியே, எங்கள் பழைய தோட்டத்தின் கடைசித் தென்னை வரிசைக்கும் கடலுக்கும் நடுவில், தோட்டத்துத் தமிழர்களுக்கென்று நிர்வாகம் விட்டுவைத்திருந்த ஒரு துண்டு மணல் நிலம். தோட்டம் விற்றுப்போய், நானும் அப்பாவும் புக்கிட் காத்திலில் ஒரு வரிசை வீட்டுக்குக் குடிவந்த பிறகும் அம்மா அங்கேதான் இருந்தாள். நான் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை. எங்களில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. வாசலில் நின்று அழுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுவில், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் முன்பு படிப்பித்த வாத்தியார் ஒருவர் ஒரு பத்திரிகைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். பூமி சூடாகிறது, துருவத்துப் பனி உருகுகிறது, கடல் ஏறப்போகிறது என்றார். நம்மவர்களின் எலும்புகளை எடுத்து, டவுன் பக்கம் உள்ள இந்து மயானத்தில் சேர்த்துவிடலாம் என்பது அவர் யோசனை. சில குடும்பங்கள் பெயரும் கொடுத்தன.

கோலா சுங்கை பாருவில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரை எல்லோரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்; அவருக்கு இது நல்ல தீனியாகிவிட்டது. "ஒலகம் சூடாவுதாம், பனி உருகுதாம், கடல் ஏறுதாம். நானும் முப்பது வருஷமா இங்க கடை போட்டிருக்கேன், வாசப்படி நனையல லா. பேப்பர்காரனுக்கு எழுத வேற ஒண்ணும் கெடைக்கல" என்பாராம். அப்பா வீட்டுக்கு வந்து அதை அப்படியே நடித்துக் காட்டுவார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பேன்.

சிரித்ததற்குக் காரணம் வேறு. எலும்பை எடுப்பதென்றால் குழியைத் தோண்ட வேண்டும். அம்மாவுக்குப் பச்சைச் சேலையைக் கட்டிவிட்டது நான்தான். அந்தச் சேலை இப்போது எப்படி இருக்கும் என்று யோசிக்கத் தொடங்கினாலே எனக்குச் சோறு இறங்காது. கடல் ஏறாது என்று நம்பினால் அம்மாவை யாரும் தொட மாட்டார்கள். எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் அவ்வளவுதான்.

அப்பா ஆயுசு முழுக்கப் பால்மரம் வெட்டியவர், ரப்பர் பாலுக்காகப் பட்டையைச் சீவுகிற வேலை. மாதம் ஒருமுறை தோட்டத்துக் கணக்கரான கிராணி வந்து மரப்பட்டையில் சாயத்தால் புள்ளி வைத்துவிட்டுப் போவாராம். அடுத்த மாதம் வெட்டு அந்தப் புள்ளியைத் தாண்டியிருந்தால், பட்டையை அதிகம் தின்றுவிட்டாய் என்று திட்டு விழும். அப்பாவுக்கு உலகத்தில் எதையும் அளக்க அந்த ஒரு வழிதான் தெரியும். "எதுக்கு வாய்ச்சண்ட? பட்டைக்கு வச்ச மாதிரி தண்ணிக்கும் ஒரு புள்ளி வச்சுட்டாப் போச்சு" என்று சொல்லி, ஒரு பௌர்ணமி அன்று ஆற்று முகத்தில் இருந்த பழைய படகுத்துறைக்குப் போனார். தண்ணீர் முழுக்க ஏறி நின்ற மட்டத்துக்குச் சற்று மேலே, ஒரு தூணில் சிவப்புச் சாயத்தால் புள்ளி வைத்தார்.

அதன்பின் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்து வருவார். செருப்பைக் கழற்றும்போதே, "அப்படியே இருக்கும்மா" என்பார். எனக்கு உயிர் வந்துவிடும்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பூசை முடிந்து கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். வாத்தியாருக்குப் பேச வராது. வெப்பநிலை, துருவம் என்று திணறினார். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். "சார் பேப்பர்ல இருக்கிறதச் சொல்றாரு. எங்கப்பா ஒரு வருஷமா கடலையே அளந்துட்டு வர்றாரு. ஒரு வெரக்கடை ஏறல. இதுக்காகச் செத்தவங்கள எழுப்பணுமா?" என்றேன். கை தட்டினார்கள். பெயர் கொடுத்தவர்களும் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். வாத்தியார் அந்தப் பத்திரிகைத் துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அப்பாவுக்குக் கால் வீங்கி, மோட்டார் ஓட்ட முடியாமல் போயிற்று. மூன்று பௌர்ணமிகள் கழிந்தன. ஒருநாள் வாத்தியார் போன் செய்தார். "ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்கம்மா" என்றார். போனை வைத்துவிட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு, புள்ளியைப் பார்க்கப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, தொழிற்சாலைக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறிப் போனேன். முதலில் படகுத்துறை. தண்ணீர் முழுக்க ஏறியிருந்தது. சிவப்புப் புள்ளி அதற்கு ஒரு விரல் மேலே காய்ந்து கிடந்தது. வாத்தியார் மேல் எரிச்சல்கூட வந்தது. பிறகு கரையோடு நடந்து, வளைவைத் தாண்டி, வாழ்க்கையில் முதல்முறையாக இடுகாட்டுக்குள் போனேன்.

கரை ரொட்டியைப் பிய்த்த மாதிரி இருந்தது. தென்னைகள் வேரோடு சாய்ந்து அலையில் கிடந்தன. கடல் மேலே ஏறி வரவில்லை. பக்கவாட்டில் வந்து, அடி மணலை இழுத்துக்கொண்டு போயிருந்தது. அம்மாவின் சமாதி இரண்டாவது வரிசை, நீல ஓடு பதித்தது என்று அப்பா சொல்லியிருந்தார். இரண்டாவது வரிசையே இல்லை. மண்ணில் தேடித் தேடி ஒரே ஒரு நீல ஓடு கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, முழங்கால் நனைய நின்று கத்தி அழுதேன்.

எல்லோரும் தூணையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பாவும் திதிக்கு ஒருமுறை தவிர அம்மாவிடம் போவதில்லை. போனால் மனசு தாங்காது என்பார். தூணைப் பார்ப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

நான் கரையோடு நடப்பதைப் பார்த்துப் பின்னாலேயே வந்த வாத்தியார் சற்றுத் தள்ளி நின்றிருந்தார். குத்திக்காட்டுவார் என்று நினைத்தேன். "நானும் தண்ணி மேலதான் ஏறும்னு நெனச்சேம்மா" என்றார். திரும்பும்போது நானா கடையில் பேச்சு களைகட்டியிருந்தது. கடல் ஏறவில்லை, அலையாத்தி மரங்களை வெட்டியதால் மண் சரிந்தது என்றார் நானா. இல்லை, மணல் அள்ளியதால் என்றார் இன்னொருவர். எது உண்மை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அன்றைக்கு அத்தனை பேரையும் அறைய வேண்டும் போலிருந்தது.

வீட்டில் அப்பா காத்திருந்தார். "புள்ளி?"

"அப்படியே இருக்குப்பா."

"நான் சொல்லல?" என்று சிரித்தார். ஓடு என் கைப்பைக்குள் இருந்தது.

மறுவாரம் அம்மாவின் திதி. அப்பா காலையிலேயே குளித்துவிட்டு, டாக்சி வைத்தாவது போய்விடலாம் என்று சூடமும் பூவும் எடுத்து வைத்துக்கொண்டார். அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. ஓட்டைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, பார்த்ததையெல்லாம் சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்குக் கூட்டத்துல நீ பேசலேன்னா நான் அவள எடுத்திருப்பேம்மா" என்றார்.

குரலில் கோபம் இல்லை. சூடத்தைத் திரும்ப அலமாரியில் வைக்கச் சொன்னார்.