கழுவாத டின்

அந்த வெள்ளை டின் எங்கள் வீட்டுப் பின்புறம் நிமிர்ந்துதான் இருந்தது. மலேசியாவில் போர்டிக்சன் பக்கத்து எஸ்டேட் தோட்டம் ஒன்றில் குடியிருந்தோம். அம்மாவுக்குப் புல் சாக மருந்து அடிக்கிற வேலை. காலியான மருந்து டின்களைக் கொண்டுவந்து, சவர்க்காரம் போட்டு ஏழெட்டுத் தடவை கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். கழுவியதைக் கவிழ்த்து வைப்பார்கள். கழுவாதது நிமிர்ந்திருக்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரியும்; எனக்கும் தெரியும். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, கவிழ்ந்த டின் ஒன்றும் இல்லை. ஒரு தடவை அலசிவிட்டுத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பள்ளித் தோட்டத்தில் எங்கள் குழுவுக்கு ஒரு பாத்தி: பயற்றங்காயும் வெள்ளரியும். பூவாளி உடைந்துபோனதால் அன்று டின் கொண்டுவர வேண்டியது என் முறை. குழுத் தலைவியை நாங்கள் லீடர் என்றே கூப்பிடுவோம். வாடிய செடியைப் பார்த்தால், "ஏன்டி, மாமியார் வீட்டுக்கு வந்தவ மாதிரி தலைய தொங்கப் போட்டிருக்க?" என்று அதனிடமே கேட்பாள். அன்று தண்ணீர் ஊற்றி முடித்து, ஒரு வெள்ளரிப் பிஞ்சைப் பறித்து, அந்த டின் தண்ணீரிலேயே கழுவித் தின்றாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் இலைகளெல்லாம் நெருப்புப் பட்டதுபோல் கருகிக் கிடந்தன. பூச்சி என்றார்கள் பிள்ளைகள். "லீடர் வரலைலா, வாந்தியாம்" என்றாள் ஒருத்தி. அந்த மருந்து உள்ளே போனால் என்ன ஆகும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சொன்னால் அம்மாவுக்கு வேலை போய்விடும். ஒரு பாடவேளை முழுக்க நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு எழுந்து, "டீச்சர், அது கழுவாத டின்" என்றேன்.

டீச்சர் தன் காரிலேயே லீடரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தோட்டத்து வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் வீடு வீடாக வந்து டின்களை அள்ளிக்கொண்டு போனார். யார் வீட்டு டின் என்று தோட்டத்து நிர்வாகத்திடம் டீச்சர் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து லீடர் திரும்பி வந்தாள். வந்ததும் என்னிடம், "ஏன்டி, நான் என்ன புல்லா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நுரையீரலைப் பின்னாளில் பாதிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது அதற்குள் என் காதுக்கு வந்துவிட்டது.

இப்போது அவள் மம்பாவில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். போனில் அவள் ஒரு தடவை இருமினால் போதும், என் பேச்சு நின்றுவிடும். ஏன் என்று அவளுக்குத் தெரியும். "சும்மா சளிலா, நீ பேசு" என்பாள். பேசுவேன், அடுத்த இருமல் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே.