இலைக்குப் பெயர் கேட்கப் போனேன்

என் மனைவிக்குக் கண் மஞ்சளானபோது நான் டாக்டரிடம் போகவில்லை. டாக்டர் கேள்வி கேட்பார். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் அடி அண்ணாமலையில் காமாலைக்கு மருந்து கொடுக்கும் அம்மா எதையும் கேட்கமாட்டார். கண்ணை இழுத்துப் பார்த்துவிட்டு, மோரில் கரைத்த இலையை ஒரு டம்ளர் நீட்டுவார். கூச்சக்காரனுக்கு ஏற்ற வைத்தியம். ஐந்து நாள் கூட்டிப் போயும் மஞ்சள் ஏறியதே தவிர இறங்கவில்லை.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, பித்தக்குழாயில் புற்றுநோய் என்றார்கள். அடைப்புக்குக் குழாய் வைத்து, காமாலை இறங்கியதும் ஆபரேஷன் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். கிளம்பும் முன் ஆராய்ச்சி செய்யும் ஒரு பெண் வந்து, ஆபரேஷனில் எடுக்கும் கட்டியில் ஒரு துண்டும் கொஞ்சம் ரத்தமும் தர முடியுமா என்று கேட்டார். பத்தாவது படித்த எனக்கும் புரிகிற மாதிரிதான் சொன்னார். எல்லா செல்லிலும் இருப்பது ஒரே மரபணுக்கள்தான். புற்றுநோய் வந்த செல்லில் சில அதிகமாக வேலை செய்யும், சில அடங்கிப் போகும். எவை என்று பலரிடம் ஒப்பிட்டுப் பார்த்தால், நோயைச் சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் அடையாளம் கிடைக்கலாம்.

"வெட்டித் தூக்கிப் போடறதுதானே, எடுத்துக்கங்க. எனக்குத்தான் லேட்டா தெரிஞ்சுது, வேற யாருக்காவது சீக்கிரம் தெரியட்டும்" என்றாள் மனைவி.

அவள் ரத்தம் கொடுக்கப் போனபோது படிவத்தை நான் நிரப்பினேன். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டாரா என்று அந்தப் பெண் கேட்டதும், வெட்கத்தில் "இல்லைங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் மனைவி எகிறினாள். "ஏங்க, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? இலை பண்ணத நோய் பண்ணதுனு எடுத்துக்கிட்டா? நான் குடுக்கறது யாருக்கும் ஒதவாம போயிடும்!"

போன் செய்து ஒப்புக்கொண்டேன். "என்ன இலைனு தெரிஞ்சா எழுதிக்கலாம் சார். தெரியலனா உங்க வீட்டம்மா சாம்பிளைச் சேக்கறது கஷ்டம்" என்றார் அந்தப் பெண். எனக்குத் தெரியாது. கூட்டிப் போய்க் குடிக்க வைத்தேனே தவிர, கேட்கவில்லை.

மறுநாள் காலை அடி அண்ணாமலையில் வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மா என் கண்ணை இழுத்துப் பார்த்தார். "ஜாஸ்தி இல்ல, கம்மியாத்தான் இருக்கு" என்று டம்ளரை நீட்டினார். வேண்டாம் என்று சொல்லக் கூச்சம். குடித்துவிட்டேன். அந்தக் கசப்பில்தான் கொஞ்சம் தைரியம் வந்தது.

"அம்மா, இது என்ன இலைங்க?"

"பேர் கேக்கக் கூடாதுப்பா. சொன்னா பலிக்காது."

"ஏற்கெனவே பலிக்கலைங்க" என்றேன். என் வாயிலிருந்தா வந்தது என்று நானே திடுக்கிட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் வீட்டு விஷயத்தைத் தலை குனிந்தபடியே சொன்னேன்.

"அஞ்சு நாளும் வந்தாங்களே, அவங்களா?" டம்ளரைத் துடைத்து வைத்தார். "கீழாநெல்லி. கூட கொஞ்சம் கரிசலாங்கண்ணி. வேற ஒண்ணும் போடலப்பா."

இரண்டும் எங்கள் வீட்டுப் பின்னால் களையென்று நான் பிடுங்கிப் போடும் செடிகள்.

மறந்துவிடுவேனோ என்று அங்கேயே போன் செய்தேன். சிக்னல் சரியில்லாததால் கத்த வேண்டியதாயிற்று. பித்தக்குழாய், ஸ்கேன், புற்றுநோய், ஐந்து நாள் என்று வரிசை முழுவதும் கேட்டது. "நானும் இன்னிக்கு ஒரு டம்ளர் குடிச்சேங்க" என்றும் நேர்மையாகச் சேர்த்துச் சொன்னேன்.

"அது வேணாம் சார்" என்று சிரித்தார் அந்தப் பெண். "அவங்க சாம்பிளைச் சேத்துக்கறோம்."

போனை வைத்துத் திரும்பினால், எனக்குப் பின்னால் நின்றவர் டம்ளரை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்த ஸ்கேன் எங்க எடுத்தீங்க?"

முன்பின் தெரியாத ஒருவரிடம் அரை மணி நேரம் நின்று பேசியது என் வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.