மூன்றாவது மிதிகட்டை

கதிர்காமத்து வேலவன் கழலிணையை நெஞ்சில் இருத்தித் தொடங்குகிறேன். ஓடும் காலைத் தந்தவனும் அவனே. ஓடாத காலைத் தந்து, அதை உடையவனை வேறு வழியில் ஓட வைத்தவனும் அவனே. சொல்லில் பிழை இருப்பின் அவன் பொறுப்பானாக.

இன்று தைப்பூசம். பூச நாளும் நிறைமதியும் கூடிய நல்ல வேளையில் நீராடி, விளக்கேற்றி, ஓத வேண்டியவற்றை ஓதி முடித்துக் கண் திறந்தேன். மருமகள் பூசைத் தட்டில் ஐந்து எலுமிச்சம்பழங்களை வைத்திருந்தாள். நான்குக்கு மேல் ஒன்று கூடுதலாக இருக்கக் கண்டால் எனக்கு என் தாய்மாமன் நினைவு வந்துவிடும். அதை எழுதிவிடலாம் என்று அமர்ந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு ஒன்பது வயது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களுக்கென வரிசையாக ஒட்டிக் கட்டிய அறைகளில் ஒன்றில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் வேலை. அம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடுதான் இருந்தார். பிள்ளைப் பருவத்தில் வந்த காய்ச்சல் ஒன்று அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. அந்தக் காலுக்கு உயிர் இருந்தது, வலு இல்லை. சரிவில் நிற்க முடியாதவரைத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய மாட்டார்கள். ஆகவே கடைவீதியில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் முதலாளியின் கொட்டகையில் அமர்ந்து, சைக்கிளும் மண்ணெண்ணெய் அடுப்பும் பழுதுபார்த்து வந்தார்.

அப்படி இருந்தவரைத் தேடி, எனக்கு நான்கைந்து வயதாக இருந்தபோதே ஒரு கார் வந்தது. சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் முதலாளி வாங்கிய பழைய அமெரிக்கக் கார். தன் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் சாதி. மற்றக் கார்களில் மூன்று மிதிகட்டைகள் இருக்கும். கியர் மாற்றுவதற்கு ஒவ்வொரு முறையும் இடது காலால் கிளச்சை மிதித்தாக வேண்டும். இந்தக் காரில் கிளச்சே கிடையாது. மிதிகட்டைகள் இரண்டே, இரண்டுக்கும் வலது கால் ஒன்று போதும்.

"அமெரிக்காவுல எவனோ ஒருத்தன் நம்ம காலை அளந்து பார்த்துச் செஞ்சிருக்கான் புள்ள" என்றார் மாமா.

அன்று முதல் அவர் டிரைவர். தோட்டங்களில் நோயாளி என்றால், பிள்ளைப்பேறு என்றால், மாமாவின் கார்தான் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போகும். தடியூன்றி நடக்கையில் அவரை ஒருமையில் அழைத்தவர்கள், ஸ்டியரிங்கின் பின்னால் அமர்ந்ததும் "டிரைவர் ஐயா" என்றார்கள். அந்த ஆசனம் அவருக்கு என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எனக்கு ஒன்பது வயதான அந்த ஆண்டில் காரின் கியர்ப்பெட்டி தளர்ந்தது. ஏற்றத்தில் எஞ்சின் முழங்கும்; சக்கரம் நகராது. கூலி கொடுத்து ஏறியவர்கள் இறங்கித் தள்ளுவதும், நோயாளி உள்ளிருந்தபடியே அவர்களிடம் வருத்தம் தெரிவிப்பதும் வழக்கமாயின. அந்தச் சாதிப் பெட்டியைத் திறந்து பார்த்தவர் மலைநாட்டிலேயே ஒருவரும் இல்லை. புதிய உறுப்புகளைத் தருவிக்கவோ, இறக்குமதிக்குத் தடை இருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், தோட்டத்தின் மேல் பிரிவான மேற்கணக்கிலிருந்து வலியெடுத்த பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தியோடு கார் ஏற்றத்தின் நடுவில் அடியோடு நின்றுவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் இறங்கி வந்து, தங்கள் மழைக் கம்பளிகளைச் சுற்றிலும் மறைப்பாகப் பிடித்தார்கள். குழந்தை காருக்குள்ளேயே பிறந்தது. இருவரும் பிழைத்தது இறைவன் அருள். மாமா இரண்டு நாள் தடியூன்றி, பழைய கார்களைத் தேடி ஊர் ஊராக அலைந்தார். என் அம்மாவுக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

மூன்றாம் நாள், பள்ளிவிட்டு வரும் வழியில் நான் கொட்டகையில் நின்றபோது நடந்த பேச்சு இன்னும் காதில் இருக்கிறது.

"பழைய இரும்புக்குப் போட்டுருவோம் தம்பி" என்றார் முதலாளி.

"வேணாங்க மொதலாளி. கந்தப்பளையில இதே சாதிக் கார் ஒண்ணு பள்ளத்துல உருண்டு கெடக்கு. அது கையால கியர் போடுறது. அந்தப் பெட்டியைக் கழட்டியாந்து இதுல மாட்டிருவோம்."

"மாட்டலாம். மாட்டினா மூணாவது மிதி ஒண்ணு வருமே. நீ எப்படி ஓட்டுவே?"

"நான் ஓட்டணும்னு யாருங்க சொன்னா? கார் மேடேறணும், அவ்வளவுதான்."

முதலாளி தாடியைத் தடவினார். "கையால இழுக்கிற மாதிரி ஒரு கம்பி வெச்சுக்கயேன்."

"ஒரு கை ஸ்டியரிங்குக்கு, ஒரு கை கியருக்கு. மூணாவது கைக்கு எங்கங்க போறது? பன்னெண்டையும் முருகனே வெச்சுக்கிட்டாரு."

"அவர்கிட்ட ஒண்ணை இரவல் கேட்டுப் பாரு."

"கேட்டுட்டேன். மயிலைத் திருப்பத் தேவைப்படுதாம்."

இருவரும் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததால் நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்போடு அந்தக் கேள்வி தீர்ந்துவிட்டது என்றே எண்ணினேன். மாமா எதற்கும் வழி கண்டுபிடிப்பவர். இதற்கும் கண்டுபிடித்திருப்பார் என்ற நம்பிக்கை.

கார்த்திகையும் மார்கழியும் மாமா மண்ணில் கிடந்தார். காரைத் தேயிலைப் பெட்டிகளின் மேலும் மரக்கட்டைகளின் மேலும் ஏற்றி நிறுத்தி, அடியில் சாக்கு விரித்துப் படுத்துவிடுவார். நிற்கையில்தான் அவர் பிறரிலும் குறைந்தவர். மல்லாந்து படுத்துவிட்டால் அந்த மலையில் அவருக்கு நிகர் ஒருவரும் இல்லை. பழைய பெட்டியை நான்கு பேர் பிடித்து இறக்கினார்கள். புதிய பெட்டியின் தண்டு, எஞ்சின் நடுத்தண்டின் முனையில் போய் அமர வேண்டும். அங்கே அதைத் தாங்குவதற்கு ஒரு சிறு வெண்கல வளையம் வேண்டியிருந்தது. கையால் கியர் போடும் கார்களில் அது இருக்கும்; இதில் இல்லை. கொழுந்து அரைக்கும் உருளையின் தேய்ந்த வளையம் ஒன்றைத் தொழிற்சாலையிலிருந்து கேட்டு வாங்கி, அப்பா கடைசல் இயந்திரத்தில் கடைந்து கொடுத்தார். மாமா அதை ஏழு முறை திருப்பி அனுப்பினார். ஏழாம் முறை அப்பா, "ஒன் தம்பிக்குக் காரா செய்றோம், மோதிரமா செய்றோம்?" என்று அம்மாவிடம் கேட்டார். எட்டாம் முறை அது பொருந்தியது. பின்சக்கரங்களுக்குப் போகும் நீளத்தண்டு நான்கு விரல் குறைவாக இருந்தது. வெட்டி, இடையில் துண்டு வைத்து, பற்றவைத்து, வளைவு இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தார். கடைசியில் தரைப்பலகையைத் துளைத்து, மூன்றாவது மிதிகட்டையைப் பொருத்தினார்.

அதை அவர் ஒரு நாளும் காலால் மிதித்துப் பார்க்கவில்லை. வலது காலாலும் இல்லை. கதவைத் திறந்து, தரையில் மண்டியிட்டு, தலையை உள்ளே நீட்டி, இரு கைகளாலும் அழுத்திப் பார்ப்பார். சந்நிதியில் விழுந்து வணங்குவதுபோல இருக்கும். தெய்வத்துக்குச் சமமான தொழிற்கருவியைக் காலால் தொடக் கூடாது என்றுதான் அப்படிச் செய்கிறார் என நினைத்து, அவருடைய பக்தியை நான் மெச்சினேன்.

தைப்பூசத்தன்று காலை காரைக் கிளப்பினார்கள். முதலாளி தம் வழக்கப்படி முன்பே ஓதிவிட்டு ஓரமாக நின்றார். என் கையில் ஐந்து எலுமிச்சம்பழங்களைக் கொடுத்திருந்தார் மாமா. நான்கு சக்கரங்களுக்கும் நான்கு வைத்தேன். ஐந்தாவது எதற்கு என்று கேட்டேன். அவர் அதை வாங்கி, புதிய மிதிகட்டையின் கீழே வைத்தார். மண்டியிட்டு, இரு கைகளாலும் அழுத்தினார். பழம் நசுங்கியது. எழுந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, லொறி ஓட்டும் சிங்கள நண்பர் ஒருவரை அழைத்தார். அவரை மாமா 'மல்லி', அதாவது தம்பி என்பார்.

"ஏறு மல்லி. மெதுவா விடு. கிளச்சு மேலே வர்றப்பதான் பிடிக்கும்."

"நீங்க முன்னுக்கு வாங்க அண்ணே" என்று பக்கத்து ஆசனத்தைத் தட்டினார் அவர்.

"வேணாம். முன்னால ஒக்காந்தா என் கை சும்மா இருக்காது."

மாமா தடியை உள்ளே போட்டுவிட்டுப் பின் ஆசனத்தில் ஏறினார். ஒரு பக்கம் நிறைசூலியான அம்மா, நடுவில் நான், மறுபக்கம் அவர். பின்னால் அமர்ந்து, பிறர் ஓட்டப் போகிறவர்கள் துரைமார் மட்டுமே என்பது எனக்குத் தெரியும். என் மாமா துரையாகிவிட்டார். பள்ளியில் போய் இதை எப்படிச் சொல்வது என்று அப்போதே சொற்களைத் தேடத் தொடங்கினேன். அம்மா ஏனோ சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கார் ஐப்பசியில் நின்றுபோன அதே ஏற்றத்துக்கு வந்தது. ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் தள்ளவில்லை. மல்லி இரண்டாம் கியருக்கு இறக்கினார். எஞ்சின் ஒரு முறை தணிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் இழுத்து, மேலே ஏறியது. அடுத்த மாதம் அம்மாவை இதே வழியில் கொண்டுபோய், தம்பியை டிக்கோயா ஆஸ்பத்திரியின் கட்டிலில் பிறக்கவைத்ததும் அந்தக் கார்தான்.

அந்த ஏற்றத்தில், கீழே முருகன் கோயிலிலிருந்து காவடிப் பாட்டு வந்துகொண்டிருந்தது. மாமா கண்களை மூடியிருந்தார். எலுமிச்சையும் கிரீசும் மணக்கும் அவருடைய இடது கை, அவருடைய இடது முழங்காலின் மேல் இருந்தது. சற்றைக்கு ஒரு முறை அந்தக் கை முழங்காலை அழுந்த அழுத்தும். பிறகு மெல்ல, மிக மெல்ல விடும். அவர் அழுத்தியதும் முன்னால் கியர் மாறும் ஓசை கேட்கும்.

அவர் பாட்டுக்குத் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். எவ்வளவு கூர்ந்து கேட்டும் அது பாட்டோடு சேரவில்லை. என் மாமாவுக்கு உலகில் எல்லாம் தெரியும், தாளம் மட்டும் தெரியாது என்று அன்று முடிவு செய்துகொண்டேன்.

இதை வாசிக்கும் அனைவரும், அவரவர் ஏற்றங்களில் யாரும் இறங்கித் தள்ளாமல் மேலேறி, நலமே ஊர் சேர்வீர்களாக. உங்களுக்காகத் தம் ஆசனத்தை விட்டு எழுந்தவர்கள், கந்தன் திருவடியில் குறையாத இடம் பெறுவார்களாக.