முந்நூறு நம்பரும் ஒரு மருந்தடிக்கிறவரும்

எனக்குக் கூச்சம் என்பது பிறவியிலேயே கிடையாது. பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபித் தட்டை நீட்டிக்கொண்டே, "உங்க குட்டியானைய எனக்கும் ஓட்டக் கத்துக் குடுப்பீங்களா?" என்று மாப்பிள்ளையிடம் கேட்டவள் நான். சரக்கு ஏற்றுகிற அந்தச் சின்ன வண்டிதான் அவருடைய பிழைப்பு. தலையை ஆட்டி வைத்தார். கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது, இன்றுவரை ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. போகட்டும். நான் ஆகாயத்தில் ஓடுகிற வண்டியையே ஓட்டக் கற்றுக்கொண்டு வந்துவிட்டேன்.

வயலுக்கு மேலே பறந்து பூச்சிமருந்து தெளிக்கிற ட்ரோன் அது. நைனார்பாளையத்தில் எங்கள் மகளிர் குழுவுக்கு ஒன்று கொடுத்தார்கள். பயிற்சிக்கு யார் போகிறீர்கள் என்று கேட்டபோது மற்றவர்கள் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தார்கள். நான் கையைத் தூக்கிவிட்டேன். சான்றிதழோடு திரும்பி வந்த அன்று, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கரம்பில் வெறும் தண்ணீரை ஊற்றி அதை ஏற்றினேன். ஆறு விசிறியும் ஒன்றாகச் சுழன்று, புழுதி பறந்து, அது தரையை விட்டு எழும்பியது. என் வயிற்றுக்குள்ளும் ஏதோ எழும்பியது. சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. "அம்மா, எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்று பெரியவள் என் கையைக் கிள்ளினாள்.

மிஷினைக் கொடுத்த வேளாண்மை அலுவலக மேடம் மட்டும் சிரிக்கவில்லை. "பொங்கலுக்குள்ள வேலை ஓடணும். எத்தன ஏக்கர் அடிச்சீங்கன்னு பதிவேட்டுல எழுதணும். சும்மா வூட்டுல வெச்சிருந்தா வேற ஊரு குழுவுக்கு மாத்திடுவேன்" என்றார். கொடுத்த கையோடு பிடுங்கிக்கொள்வதற்கா என்னைப் பத்து நாள் வெயிலில் நிற்க வைத்துக் கற்றுக் கொடுத்தார்கள்?

பயிற்சியில் ஒரு வாத்தியார் கடைசி நாளன்று சொன்னது நினைவுக்கு வந்தது. "மிஷின் பறக்கறது சுலபம். ஆளுங்கள புடிக்கறதுதான் கஷ்டம். தினம் பத்துப் புது ஆளுகிட்ட பேசுங்க, நம்பர் வாங்குங்க, தொழில் தானா வரும்." அவ்வளவுதான், பிடித்துக்கொண்டேன். விரதம் மாதிரி, பத்து நம்பர் வாங்காமல் ராத்திரி சாப்பாடு இல்லை என்று சங்கல்பம். கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர் தப்பவில்லை. சின்னசேலம் உரக்கடைகளில் பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்தேன். பால் சொசைட்டி, டிராக்டர் ஷெட்டு, விதைக்கடை, ஊராட்சித் தலைவர்கள், பெரிய நிலக்காரர்கள். யார் வீட்டுக் காதுகுத்து என்றே தெரியாமல் ஒரு மண்டபத்துக்குள் நுழைந்து, பந்தியில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் இரண்டு நம்பர், அந்தப் பக்கம் மூன்று நம்பர் வாங்கிக்கொண்டு, பாயசத்தையும் குடித்துவிட்டு வந்தேன்.

"ஓட்டுக் கேக்கற மாதிரியே சுத்திக்கினு இருக்கியே, எந்தக் கட்சி?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஆகாயக் கட்சி" என்றேன்.

கார்த்திகை பிறப்பதற்குள் முந்நூறு நம்பர் சேர்ந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரையும் சேர்த்து ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்தேன். காலையில் ஆரம்பித்தது, மத்தியானத்துக்குள் நாற்பது பேர் குட் மார்னிங் பூப்படம் போட்டார்கள். ஒருவர் கிடா ஆடு விற்க வந்தார். ஒரே வரப்புக்காகப் பத்து வருடமாகப் பேசாமல் இருந்த பங்காளிகள் இரண்டு பேர் என் குழுவில் சந்தித்து, வரப்புச் சண்டையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். "நீ யாருமா நடுவுல?" என்று இருவரும் சேர்ந்து என்னைத் திட்டியபோதுதான் அவர்களுக்குள் ஒற்றுமையே வந்தது. இத்தனை கூத்திலும், என் வயலுக்கு மருந்து அடிக்க வா என்று ஒரே ஒருவர்கூடக் கூப்பிடவில்லை.

கடைசியில் ஒரு அழைப்பு வந்தது. திருநாவலூர் பக்கத்தில் ஒரு ஊரில் மாரியம்மன் கோயில் கும்பாபிஷேகம். விழாக்குழுப் பெரியவர் பேசினார்.

"கோபுரத்து மேல இருந்து ஊத்தற தீர்த்தம் முன்னாடி நிக்கற நூறு பேரு மேலதாம்மா படுது. உங்க மிஷினு இருந்தா அத்தினி ஜனத்துக்கும் தெளிச்சுடலாமே. அதுல மருந்து கிருந்து ஊத்தியிருக்கீங்களா?"

"ஒரு சொட்டு ஊத்தினதில்லங்க" என்றேன். அதுவரை அழுதுகொண்டே சொன்ன விஷயத்தை அன்று பெருமையாகச் சொன்னேன்.

அந்தக் காலையை நான் எப்படிச் சொல்வேன்! குடத்துத் தீர்த்தத்தை டேங்கில் ஊற்றிக் கொடுத்தார்கள். கலசத்தில் நீர் விழுந்த அதே நேரம் ட்ரோனை ஏற்றினேன். மேளம், வெடி, ஓம் சக்தி என்று ஊரே கத்துகிறது. ஆயிரக்கணக்கான கைகள் மேலே தூக்கி நிற்கின்றன, அத்தனை கைக்கும் மேலே என் மிஷின் மெல்லப் போகிறது, சாரல் விழுகிறது, ஜனங்கள் தலையைத் தடவிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். அம்மா தாயே, யாருக்குக் கிடைக்கும் இது? இறங்கியதும் எனக்குச் சால்வை, மிஷினுக்கு மாலை. என் நம்பரை மைக்கில் அறிவித்தார்கள்.

அந்த வாரம் போன் நிற்கவே இல்லை. எல்லாம் கோயில்கள். கால் தரையில் படாமல் இரண்டு நாள் நடந்தேன். மூன்றாம் நாள் உரக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஒரு மக்காச்சோளக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் கோயில் வாசலில் நிற்பது மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசினார்.

"அம்மா தீர்த்தம் தெளிச்ச மிஷினு. அதுல போயி வெஷத்த ஊத்தச் சொல்றியே? எங்காட்டுல வேணாம்மா. சாமி குத்தம் ஆயிடும்."

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். எங்கள் தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமை வந்து மிஷினுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். என் வீட்டுக்காரர் வேறு, குட்டியானையில் அதை ஏற்றும்போதெல்லாம் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க ஆரம்பித்தார். மேடம் போன் செய்தார்.

"எத்தன ஏக்கர் ஆச்சு?"

"ஏக்கர் இல்லிங்க. ஒரு ஊரு ஜனம்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. வேறு ஊர்க் குழு ஒன்று கேட்கிறது, பொங்கல் வரைக்கும் காத்திருக்க முடியாது, ஒரு வாரத்தில் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. நம்பர் வாங்காததால் அல்ல, சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலை கடைசி முயற்சியாக எங்கள் ஊர்க் கோடியில் இருக்கும் ஒரு நிலக்காரரைப் போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேல் நின்ற மக்காச்சோளம், குருத்தெல்லாம் புழு. வரப்பில் ஒரு ஆள் முதுகில் விசைத் தெளிப்பானைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். நான் முழ நீளத்துக்குப் பேசி முடித்ததும் நிலக்காரர் அவரைக் காட்டினார்.

"என்கிட்ட இன்னா கேக்கற? எந்த மருந்து, எப்ப அடிக்கணும், அடிக்கணுமா வேணாமா, அல்லாம் இவருதான் சொல்றது. இவரு சரின்னா எனக்கும் சரி."

எனக்குப் பொறி தட்டியது. சே, எவ்வளவு பெரிய முட்டாள் நான்! உரக்கடை, விதைக்கடை, தலைவர், நிலக்காரர் என்று முந்நூறு பேரைப் பிடித்தேனே, தினமும் வயலுக்குள் இறங்கி மருந்தடிக்கிற ஒருவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை. மறந்து போகவில்லை. இந்த மிஷின் வந்தால் அவர்களுக்கு வேலை போய்விடும் என்று உள்ளுக்குள் தெரிந்திருந்தது, அதனால் அவர்கள் முகத்தைப் பார்க்காமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கூச்சமே இல்லாதவள், அன்றைக்குக் கூசினேன்.

இருந்தாலும் வாய் சும்மா இருக்குமா? "அண்ணா, உங்க நம்பர் குடுங்க" என்றேன்.

அவர் துண்டை இறக்கினார். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தது. "என் பொழப்ப புடுங்கிக்கினு போறதுக்கு என்கிட்டயே நம்பர் கேக்கறியாம்மா?"

நம்பர் எழுத எடுத்த போனை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அவர் அந்தச் சோளக்காட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு அவரே பேசினார். இடுப்பளவு பயிர் என்றால் கவலையில்லை. தலைக்கு மேலே போய்விட்டால் கையைத் தூக்கி அடிக்க வேண்டும், அடித்தது அத்தனையும் தன் முகத்திலேயே விழும். சோளத் தோகை கழுத்தை அறுக்கும். போன வருடம் இப்படி ஒரு காட்டுக்குள் மயங்கி விழுந்து, தேடிக் கண்டுபிடித்துத் தூக்கி வந்தார்கள். மாட்டேன் என்றால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள்.

"அப்பிடின்னா தலைக்கு மேல போன காடு மிஷினுக்கு, இடுப்பு வரைக்கும் இருக்கறது உங்களுக்கு" என்றேன் மெதுவாக. "மருந்து கலக்கறது நீங்க. மின்கம்பி ஓரம், மரத்தடி, மிஷின் போவாத எடம் நீங்க. எந்தக் காடு எப்பன்னு சொல்றதும் நீங்க. கூலி ரெண்டு பேருக்கும் பாதிப் பாதி."

"மொதல்ல தண்ணிய அடிச்சுக் காட்டு."

காட்டினேன். அவர் காட்டுக்குள் புகுந்து உட்கார்ந்து, கீழ் இலைக்கு அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம் ஒட்டியது. மேல் குருத்தை வளைத்துப் பார்த்தார். "பரவால்ல, குருத்துக்குள்ள எறங்குது" என்றார். பிறகு மிஷினில் இருந்த குங்குமத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். "சாமி சமாச்சாரத்த சாமிகிட்டயே கேட்டுடலாம், வா."

ஊர் எல்லை மாரியம்மனிடம் பூக்கட்டிக் கேட்டோம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ளை வந்தால் சம்மதம். பூசாரி கையை வைத்த அந்த நொடியில் நான் மூச்சே விடவில்லை. வெள்ளை! நான் குதித்த குதியில் பூசாரி பயந்து விபூதித் தட்டைத் தட்டிவிட்டார். எங்களோடு வந்து நின்ற நிலக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "நாளைக்கே அடிச்சுடு" என்றார்.

மருந்தடிக்கிற அண்ணனிடம் இருந்தது பட்டன் போன். அதில் மருந்தடிக்கிறவர்கள் பதினோரு பேர் நம்பர். அன்றைக்கு மாலை வரப்பில் உட்கார்ந்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். "தலைக்கு மேல போன காடு எங்கெங்க இருக்குது சொல்லு. நீ உள்ள போவாத. மிஷினு வருது." அவ்வளவுதான் பேசினார். என் முந்நூறு பேர் மூன்று மாதத்தில் செய்யாததை அந்தப் பதினோரு பேர் இரண்டு நாளில் செய்தார்கள். நாங்கள் இரண்டு காடு அடித்து முடிப்பதற்குள் மூன்றாவது அழைப்பு வெள்ளிமலையிலிருந்து வந்தது. அண்ணனுடைய மச்சான் அங்கே மருந்தடிக்கிறவர்.

விடியும்போதே குட்டியானையில் மிஷின், பாட்டரி, ஜெனரேட்டர் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவுக்கும் நான் ஐயோ அம்மா என்று கத்தினேன். ஆகாயத்தில் ஓட்டுகிறவளுக்கு மலைப்பாதையில் பயமா என்று என் வீட்டுக்காரர் சிரித்துச் சிரித்தே இன்னும் வேகமாக ஓட்டினார். மேலே பனி, குளிர். சரிவில் ஒரு சோளக்காடு, அண்ணனைவிட ஒரு முழம் உயரம். ஓரத்தில் அவருடைய மச்சானும் இன்னும் நாலைந்து பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அண்ணன் மருந்து கலந்துகொண்டிருந்தபோது மேடத்திடமிருந்து போன்.

"நாளைக்கு அந்த ஊருக் குழுவுல இருந்து வண்டி வருது. மிஷினைக் கட்டி வெச்சிடுங்க."

"மேடம், ரெண்டு காடு அடிச்சிட்டோம் மேடம், இது மூணாவது..."

"இத்தன மாசத்துல மூணு காடு. இது ஒரு வேலையாம்மா?"

எத்தனை ஆட்டம் ஆடினேன், எத்தனை பேரிடம் பல்லைக் காட்டினேன்! போனை ஸ்பீக்கரில் வைத்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. அண்ணன் கையைக் கழுவி, வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து போனை வாங்கினார்.

"வணக்கம்ங்க. நாளைக்கு இங்கியே ரெண்டு காடு இருக்குதுங்க. மறுநாளு நைனார்பாளையத்துல நாலு. அதுக்கு மறுநாளு சின்னசேலம் பக்கம். பொங்க வரைக்கும் சொல்லி வெச்சாச்சுங்க."

"நீங்க யாரு?"

"மருந்தடிக்கறவன்ங்க."

"மருந்தடிக்கறவரா? மிஷினு வந்தா உங்களுக்குத்தானே கஷ்டம்?"

அண்ணன் காட்டைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எடுத்துக்கினு போனீங்கன்னா, நாளைக்கு இதுக்குள்ள நான்தாங்க போவணும்."

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. மச்சானும் மற்றவர்களும் அசையாமல் நின்றார்கள். பிறகு மேடம், "வண்டிய வர வேணாம்னு சொல்லிடறேன். அடிக்கறத அன்னன்னிக்கே பதிவேட்டுல எழுதிடச் சொல்லுங்க" என்றார். குரல் மெதுவாக இருந்தது.

நான் அழுதேன், சிரித்தேன், எது எப்போது என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் போனை என் கையில் திணித்தார்.

"அழுதுகினே ஓட்டாதம்மா, மரத்துல வுட்டுடுவ. வெயில் ஏறுனா காத்து வந்துடும், எடு சீக்கிரம்" என்று சொல்லிவிட்டு, காட்டை விட்டுத் தள்ளி வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார்.