ஜெயக்குமாருக்குப் போர்த்திய பொன்னாடை

என் அக்கா ராஜம்மாளின் மகன் ஜெயக்குமார் விமானம் ஓட்டுகிறான் என்றுதான் ஆரணியில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் அவன் விமானத்தில் டிக்கெட் கிழிக்கிறான் என்றார்கள். நான் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், ஆரணி–வேலூர் தடத்தில் தனியார் பஸ் ஓட்டுகிறவன். எனக்கே ஒரு தடவை சொன்னதும் புரிந்துவிட்டது. வடக்கே ஒரு பெரிய ஊர் விமான நிலையத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, நீ ஏறு, நீ இறங்கு, நீ அங்கேயே சுத்து என்று பைலட்டுகளுக்கு ரேடியோவில் சொல்லுகிற வேலை. வானத்தில் ரோடு கிடையாது. இவன் வாய்தான் ரோடு. இவ்வளவுதான் சங்கதி. இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஊரில் ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

இரண்டாயிரத்து மூன்றில் லீவு என்று சொல்லிக்கொண்டு வந்தான். வேலூரில் என் பஸ்ஸில் ஏறி, இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். கண்ணமங்கலம் வளைவில் எதிரே வந்த பஸ்காரன் ஒரு லாரியை முந்திக்கொண்டு என் மேலேயே வந்தான். நான் மண்ணில் இறக்கினேன். கண்ணாடி மட்டும் உரசிக்கொண்டது. கண்டக்டர் சிரித்தான். அடுத்த முனீஸ்வரன் கோயிலில் நிறுத்திக் கற்பூரம் கொளுத்திவிட்டுக் கிளம்பினோம். எங்கள் தொழிலில் விசாரணை என்றால் அந்தக் கற்பூரம்தான்.

“மாமா, இதை யார்கிட்ட எழுதிக் குடுப்பீங்க?” என்றான்.

“இடிக்கவே இல்லியேடா. இன்னாத்த எழுதறது?”

அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னான். லீவு இல்லையாம். ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது, இன்னொன்று ஏறிக்கொண்டிருந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று ஆயிரம் அடியாவது மேலே கீழே விலகி இருக்க வேண்டும். இவன் இறங்குகிறதை மறந்துவிட்டு, ஏறுகிறவனுக்கு இன்னும் ஏறு என்று உத்தரவு கொடுத்துவிட்டான். கடைசி நேரத்தில் திரையில் பார்த்து, ஒன்றைத் திருப்பிவிட்டிருக்கிறான். முந்நூறு அடியில் தாண்டிப் போயிருக்கின்றன. உள்ளே இருந்த பயணிகள் ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் பேசியதெல்லாம் டேப்பில் இருக்கிறது. விசாரணை முடிகிற வரைக்கும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று எழுப்பிவிட்டார்கள். விசாரணையில் என்ன சொல்வார்களோ, அந்த நாற்காலி திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ என்பதுதான் அவன் கவலை.

அம்மாவிடம் பாதியைத்தான் சொன்னான். ரெண்டு விமானம் கிட்ட வந்தது, திருப்பிவிட்டேன் என்று. அக்கா அந்தப் பாதியைத் தெரு முழுக்கச் சொன்னாள். அது பட்டு வியாபாரிகள் சங்கத் தலைவர் அருணகிரி காதுக்குப் போனது. மேடை போட ஏதாவது கிடைக்காதா என்று அலைகிற ஆள். இரண்டே நாளில் சுவரெல்லாம் போஸ்டர்: முந்நூறு உயிர் காத்த ஆரணியின் மைந்தன். அதில் ஜெயக்குமார் முகம் தபால்தலை அளவு, அருணகிரி முகம் தாம்பாளம் அளவு.

வேண்டாம் என்று சொல்ல ஜெயக்குமார் அவர் கடைக்கே போனான், நானும் கூடப் போனேன். போஸ்டர் ஒட்டியாச்சு, மண்டபத்துக்குச் சொல்லியாச்சு என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, பேப்பரில் செய்தி வரும், அதைக் கொண்டுபோய் விசாரணையில் காட்டு, அப்புறம் எவன் உன்மேல் கை வைப்பான் என்றார். பையனுக்கு ஆசை வந்துவிட்டது என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. வந்தால் என்ன, போனது அவன் நாற்காலிதானே.

விழாவில் அருணகிரியே முக்கால் மணி நேரம் பேசினார். விமானத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அது பறக்கும் என்பது மட்டும்தான். பொன்னாடை போர்த்தி, கேடயம் கொடுத்து, மைக்கை நீட்டினார். ஜெயக்குமார் எழுந்தான்.

“அந்த ரெண்டு விமானத்தையும் கிட்ட வரவெச்சதே நான்தாங்க.”

அருணகிரி மைக்கைப் பிடுங்கி, பெருமை அடித்துக்கொள்ளாத பிள்ளை என்றார். கூட்டம் கை தட்டியது. இப்படி ஒரு கூட்டத்தை நான் பார்த்ததில்லை. தப்பு செய்தேன் என்று ஒருத்தன் சொல்கிறான், அடக்கமான பையன் என்று இவர்கள் தட்டுகிறார்கள். ஜெயக்குமார் மைக்கைத் திரும்ப வாங்கினான்.

“அடக்கம்லாம் இல்லீங்க. மறந்துட்டேன். என்னால முந்நூறு பேர் செத்திருப்பாங்க.”

பொன்னாடையை மடித்து நாற்காலி மேல் வைத்துவிட்டு இறங்கினான். இந்தத் தடவை கை தட்ட ஆள் இல்லை.

மறுநாள் முதல் ஊர் வேறு பாட்டுப் பாடியது. பொழைக்கத் தெரியாதவன் என்றார்கள். அவனுக்குப் பெண் கொடுக்கப் புறப்பட்டு வந்த பெண் வீட்டார் பாதி வழியில் சேத்துப்பட்டோடு திரும்பிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு எடுத்து வந்திருந்த கேடயத்தைக் கேட்டு அருணகிரி ஆள் அனுப்பினார். பேரைச் சுரண்டிவிட்டு அடுத்த வருஷம் வேறு யாருக்கோ கொடுத்தார்கள். விசாரணையிலும் ஜெயக்குமார் மேடையில் சொன்னதைத்தான் சொன்னான். மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள். தனக்கு அப்புறம் வேலைக்கு வந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான், பரீட்சை எழுதினான். அடுத்த வருஷம் அக்காவுக்கு போன் வந்தது. நாற்காலி கிடைத்துவிட்டது.

இது அருணகிரிக்கும் தெரிந்தது. ஒரு நாள் பையோடு என் பஸ்ஸில் ஏறினார். வியாபார விஷயமாக ஜெயக்குமார் இருக்கிற ஊருக்குத்தான் போகிறாராம்.

“இன்னாங்க, விமானத்துல போகலாமே” என்றேன்.

“உன் மருமான் அங்க திரும்ப உக்காந்துகினு இருக்கானாமே. தப்பு பண்ணவனை நம்பி எவன் மேல ஏறுவான்? நான் ரயில்லயே போறேன்.”

கண்ணமங்கலம் வளைவில் முன்னால் ஒரு பால் வண்டி போய்க்கொண்டிருந்தது. எதிரே என்ன வருகிறது என்று தெரியாத இடம். அவர் என் தோள்மேல் தட்டினார்.

“ஜல்தி ஓட்டுப்பா. தாண்டிப் போ. காட்பாடியில ரயில் போயிடும்.”

நான் ஹாரன்கூட அடிக்கவில்லை. வளைவு முடிகிற வரைக்கும் பால் வண்டி பின்னாலேயே போனேன். ரயில் போய்விட்டது.