வாசித்துக் காட்டாத ஒரு படிவம்

வியாழக்கிழமை காலை எட்டு மணி. கராமாவில் எங்கள் டைப்பிங் சென்டரின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். போன் அடித்தது. சாகுல் பாயின் எண். "என்ன பாய், இன்னிக்கும் பஸ்ஸ விட்டாச்சா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்தேன். மறுமுனையில் அவருடைய மகள் நஸ்ரின். "அங்கிள், வாப்பா மௌத்தாயிட்டாங்க. சுபுஹு தொழுதுட்டுப் படுத்தாங்க. எழுந்திரிக்கவே இல்ல" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது. மாரடைப்பு என்றார்கள். அந்த நேரம் பார்த்தா எனக்குக் கிண்டல் வர வேண்டும்? இன்னும் மனசு ஆறவில்லை.

சாகுல் பாய் கீழக்கரைக்காரர். அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த வளைகுடா ஊரில் விசாவுக்கு, லேபர் கார்டுக்கு, எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. அதை அரபியிலும் ஆங்கிலத்திலும் அடித்துக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. அவர் அதை இருபத்திரண்டு ஆண்டுகள் செய்தார். நான் பதினொரு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அவர் தங்கமானவர் என்று எழுதிவிட்டு நான் எழுந்து போய்விடலாம். ஆனால் அவர் எதனால் நொந்து போனார் என்பதைச் சொல்லாமல் விட்டால் அது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

நான் சேர்ந்த முதல் வாரம் புஜைரா துறைமுகத்திலிருந்து ஒரு தொழிலாளி வந்தார், பரமக்குடிப் பக்கம். மளமளவென்று அடித்து பிரிண்ட் கொடுத்துவிட்டேன். சாகுல் பாய் அதைப் பிடுங்கி, அந்த ஆளை உட்கார வைத்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் வாசித்துக் காட்டினார். தகப்பன் பெயர் வந்ததும், "அது எங்க தாத்தா பேருங்க" என்றார் அந்த மனிதர். எனக்கு முகம் செத்துவிட்டது. "வாசிச்சுக் காட்டாம பிரிண்ட் அடிக்காதே தம்பி. இவரு ஆறு மாசம் அலைவாரு. நீ டீ குடிச்சிட்டு உக்காந்திருப்பே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றிலிருந்து அதுதான் எங்கள் கடையின் சட்டம். வெளியே வரிசை சாலை வரை நின்றாலும் அவர் வாசிப்பதைச் சுருக்கியதில்லை.

நஸ்ரின் இங்கேயே வளர்ந்த பெண். சிறு வயதிலிருந்தே டாக்டர் கனவு. பிளஸ் டூ முடித்ததும் ஊருக்கு அனுப்பி ஹாஸ்டலில் விட அவருக்கு மனம் வரவில்லை. "ஒத்தப் புள்ளைய அனுப்பிட்டு நான் இங்க யாருக்குச் சம்பாதிக்கிறது?" என்பார். பட்டதாரிகளை எடுக்கும் மருத்துவக் கல்லூரி ஒன்று இங்கே இருப்பதாகக் கேள்விப்பட்டோம். முதலில் நான்கு ஆண்டு பட்டம், பிறகு மருத்துவம். ஷார்ஜாவில் ஒரு கல்லூரியின் விண்ணப்பத்தை வாங்கி வந்தார். மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்ற கட்டத்தில் நஸ்ரின் பென்சிலால் பயாலஜி என்று எழுதியிருந்தாள்.

சாகுல் பாய் அதை அழித்துவிட்டு பயோமெடிக்கல் இன்ஜினியரிங் என்று அடித்தார். எங்கள் தொழில் அவருக்குக் கற்றுக் கொடுத்த கணக்கு அது. "பயாலஜி படிச்ச எத்தன பேருக்கு சேல்ஸ்மேன்னு விசா அடிச்சிருக்கோம், நீயே சொல்லு. இன்ஜினியர் விசா என்னிக்காவது திரும்பி வந்துச்சா? டாக்டர் சீட்டு கெடைக்காட்டியும் புள்ள நடுத்தெருவுல நிக்காதுல்ல" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. பிரிண்ட் எடுத்து, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த நஸ்ரினிடம் நீட்டினார். வாப்பா அடித்ததில் பிழை இருக்குமா என்று அவள் படித்துப் பார்க்காமலே கையெழுத்தைப் போட்டுவிட்டாள். "என்ன பாய், சொந்த வீட்டு ஃபாரத்துக்கு வாசிப்பு கிடையாதா?" என்று சீண்டினேன். "எம் புள்ளைக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதாப்பா?" என்று சிரித்தார்.

சேர்க்கைக் கடிதத்தில் இன்ஜினியரிங் என்று பார்த்த அன்று அவள் அழுததாகச் சொன்னார். மறுநாள் தேற்றிக்கொண்டாளாம். நான்கு ஆண்டுகள் நன்றாகவே படித்தாள். கடைசி ஆண்டில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தாள். திருப்பிவிட்டார்கள். ஆய்வகத்தோடு வேதியியலும் உயிரியலும் படித்திருக்க வேண்டுமாம். இன்ஜினியரிங் வகுப்புகளுக்கு நடுவே அவற்றில் பாதியைக்கூட அவளால் எடுக்க முடியவில்லை. அந்த விதி அவர்களுடைய கையேட்டிலேயே அச்சாகியிருந்தது. ஊர் உலகத்து விதியெல்லாம் மனப்பாடமாக வைத்திருக்கிற நாங்கள் இரண்டு பேரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. தூ!

அந்தக் கடிதத்தை அவர் கடைக்குக் கொண்டுவந்தார். தனக்குத் தானே வாய்விட்டு வாசித்தார், இரண்டு முறை. "நான் அன்னிக்கி வாசிச்சுக் காட்டலயே தம்பி. காட்டியிருந்தா புள்ள சொல்லியிருக்கும்ல" என்றார். மகள் ஒரு சொல் குறை சொல்லவில்லை. அதுதான் அவரைத் தின்றது. விட்ட பாடங்களைப் படிக்க அவள் இன்னொரு ஆண்டு அதே கல்லூரியில் சேர்ந்தாள். அவருக்கு அடிக்கடி நெஞ்சைப் பிடித்தது. டாக்டரிடம் போகலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "எம் மக டாக்டராயி என்னப் பாப்பா" என்று சொல்லித் தட்டிக் கழித்தார். நான் அவரை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

அவரை இங்கேயே அடக்கம் செய்தோம். அவர் போனதும் அவர் பெயரில் இருந்த குடும்ப விசாவும் போயிற்று. நாட்டைவிட்டுக் கிளம்ப முப்பது நாள் அவகாசம். கணவனை இழந்தவள் வீட்டோடு தனித்திருக்கும் இத்தா நாள்களை அவர் மனைவி ஊரில் கழிக்கட்டும் என்று உறவினர்கள் முடிவு செய்தார்கள். விசா ரத்துப் படிவம் அடிக்க நஸ்ரின் எங்கள் கடைக்குத்தான் வந்தாள். "காலேஜ் மூலமா விசா கேட்டுப் பாக்கலாம்மா, இன்னும் ஒரு டெர்ம்தானே" என்றேன். "உம்மாவத் தனியா அனுப்பிட்டு நான் எப்படி அங்கிள் இங்க இருக்கிறது? கலாஸ், முடிஞ்சிருச்சு" என்றாள்.

அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. என்னுடையதில் உட்கார்ந்தே அடித்தேன். பிறகு வாசித்துக் காட்டினேன். அவள் பெயர். தகப்பன் பெயர். ரத்துக்கான காரணம், விசா பொறுப்பாளர் காலமானது. அங்கே நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். தொழில், மாணவி.

"அங்கிள், ஸ்டூடண்ட் இல்ல. அதை மாத்திடுங்க."

தொழில் இல்லை என்று மாற்றினேன். முதலிலிருந்து மறுபடி வாசித்தேன். சரி என்று தலையசைத்தாள்.

போய் வாருங்கள், சாகுல் பாய். உங்கள் பிள்ளையின் படிவத்தை இந்த முறை வாசித்துக் காட்டித்தான் பிரிண்ட் அடித்தேன்.