மடக்காமல் விட்ட கதிரை

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள். நானும் ஒரு காலத்தில் சிரித்தவள்தான். யாராவது பேய்க்கதை தொடங்கினால், "உங்களுக்கு வேற வேலை இல்லையே?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன். ஆனால் இது எனக்கு நடந்தது. ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்தில், நாங்கள் இருந்த மூன்றாம் மாடி வீட்டில், 2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் நடந்தது. நடுச்சாமத்தில்கூட இல்லை, பின்னேரத்தில். இந்த நாட்டில் மார்கழி மாதம் நாலரைக்கே கரியிருட்டாகிவிடும். பேய் இரவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

என் பெயர் கொறற்றி. ஊர் மன்னார்ப் பக்கம், பேசாலை. கணவர் எமில். மகள் ஜெசிக்காவுக்கு அப்போது ஏழு வயது.

எமிலுக்கு நித்திரை வராது. 1990இல் அவரும் தமையன் யூட்சனும் இந்தியாவுக்குப் போன வள்ளம் கடலில் கவிழ்ந்துவிட்டது. நல்ல இருட்டு. எமில் தமையனின் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். பிறகு ஏலாமல் விட்டுவிட்டார். இன்னொரு வள்ளம் எமிலைத் தூக்கியது. யூட்சன் அத்தானைத் தூக்கவில்லை. கல்யாணம் முடித்த கிழமையில் ஒருநாள், "நான்தான் கையை விட்டனான்" என்று என்னிடம் சொல்லி அழுதார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுத்ததே இல்லை. நானும் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை.

தொழிற்சாலையில் அவருக்கு இரவு வேலை. பகலில் படுப்பார். கண் மூடினால் திடுக்கிட்டு எழும்பித் தன் வலக்கையைப் பார்ப்பார். டொக்டர் தந்த குளிசை ஒன்றும் வேலை செய்யவில்லை. ஐப்பசியில் தகடு அழுத்துகிற மெஷினுக்கு முன்னால் நின்றபடியே தூங்கிவிட்டார். பக்கத்தில் நின்ற துருக்கிக்காரர் இழுத்திருக்காவிட்டால் அந்தக் கை போயிருக்கும். இந்த மனிசன் நித்திரை கொள்ளாவிட்டால் ஒருநாள் உயிரோடு வீட்டுக்கு வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

என்னோடு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்தவள் மாரிசோல். எல் சல்வடோர் நாட்டுக்காரி. அவர்கள் ஊரிலும் சண்டை, அங்கேயும் காணாமற்போன ஆட்கள். எங்கள் தமிழ்ப் பூசை நடக்கிற அதே மாதா கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைகளில் ஸ்பானிஷ் பேசுகிற குடும்பங்கள் கூடுவார்கள். மனக்காயம் ஆற்றுகிற கூட்டம். அதை நடத்துகிறவள் இவள்தான். எமிலுக்கு நித்திரை இல்லை, தமையன் கடலில் போனவர் என்று மட்டும் இவளிடம் சொல்லியிருந்தேன்.

"உன்ர குடும்பத்தில ஒருத்தருக்கு இருக்க இடமில்லை, கொறற்றி. அவரை ஒருக்கா கதிரையில இருத்து. கதை. பிறகு அனுப்பிவிடு. வீடு சுகப்படும்" என்றாள். நாங்கள் கதைப்பது உடைந்த ஜெர்மனில். இங்கே என் தமிழில் சொல்கிறேன்.

எமிலைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.

"உமக்கென்ன விசரே? செத்த ஆளைக் கதிரையில இருத்தித் தேத்தண்ணி குடுக்கப் போறீரோ?"

"நீங்கள் வரவேண்டாம். நான் போட்டு வாறன்."

கார்த்திகைக் கடைசிச் சனி. மூன்று மணிக்குப் போனேன். வெறுங்கையோடு போகலாமா, பற்றீஸ் சுட்டு எடுத்துப்போனேன். கறுவா போட்ட கோப்பி தந்தார்கள். உண்மையைச் சொன்னால், நல்ல சனங்கள். குடியை விட்ட ஒரு தகப்பன் எல்லாருக்கும் முன்னால் மகளிடம் மன்னிப்புக் கேட்டார். மகள் அவரைக் கட்டிப்பிடித்தாள். ஒரு பெண், பதினெட்டு வருசமாகத் தாயோடு கோபத்தில் இருந்தவள், தாயின் பெயரைச் சொல்லிச் சிரித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. எங்கள் சனமும் இப்படி வாய்விட்டுக் கதைத்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன்.

கடைசியில் கதிரை. வட்டத்துக்கு நடுவில் ஒரு மடக்குக் கதிரையைப் போடுவார்கள். காணாமற்போனவருக்குப் பதிலாக ஒருவர் அதில் இருப்பார். கதைத்து முடிந்ததும் "போ" என்று சொல்லிக் கதிரையை மடக்கிச் சுவரோடு சாத்த வேண்டும். அதுதான் அவர்களுடைய முறை.

என் முறை வந்தது. நெஸ்தோர் என்று ஒரு பஸ் ஓட்டுநர் எழுந்துபோய் இருந்தார். அவருக்கு என்னைத் தெரியாது, என் வீட்டுக் கதையும் தெரியாது.

"ஆரைக் கூப்பிடுறாய்?" என்றாள் மாரிசோல்.

கணவரின் தமையன் பெயரை வாய் நிறையச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. "கடலில போனவர்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு நெஸ்தோர் தன் இடக்கையைத் தடவத் தொடங்கினார். கடைசி இரண்டு விரல்களும் உள்ளே மடங்கியிருந்தன. அந்த மண்டபத்தில் ஹீற்றர் கொதித்துக்கொண்டிருந்தது. அவருக்குப் பல் கிட்டியது.

"குளிருது..." என்று ஜெர்மனில் சொன்னார்.

பிறகு, "கையை விட்டிட்டான்."

மாரிசோலுக்குக்கூட நான் சொல்லாத சொல். அழுதபடி தமிழில் சொன்னேன். "அவரை ஏசாதேங்கோ. அவருக்கு நித்திரையே இல்லை. அவரை நித்திரை கொள்ள விடுங்கோ."

நெஸ்தோர் தலையாட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது.

"இப்ப போகச் சொல்லு" என்றாள் மாரிசோல். "கதிரையை மடக்கு."

நீங்களே சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த மனிதரை வெறும் "போ" என்று எங்கள் சனம் எப்போதாவது சொல்லியிருக்கிறதா? சண்டை பிடித்துக்கொண்டு போகிற சொந்தக்காரரைக்கூட வாசல்வரை வந்து "போட்டு வாங்கோ" என்றுதானே அனுப்புகிறோம். அதுவும் கணவரின் தமையன். அவர் இருந்த கதிரையை அவர் முகத்துக்கு நேரே மடக்குவதா? எனக்குக் கை வரவில்லை. வாய்தான் தன் பழக்கத்தில் சொன்னது.

"போட்டு வாங்கோ, அத்தான்."

நெஸ்தோர் எழும்பிவிட்டார். மாரிசோல் என்ன சொன்னாய் என்று கேட்டாள். போய்த் திரும்பி வரச் சொன்னேன் என்றேன். அவள் முகம் வெளுத்தது.

"இல்லை... இல்லை. போ எண்டு மட்டும் சொல்லு. கெதியா..."

அதற்குள் மண்டபப் பொறுப்பாளர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வந்தார். ஐந்து மணி என்றால் அவருக்கு ஐந்து மணிதான். விளக்குகளை அணைக்கத் தொடங்கினார். மற்றக் கதிரைகளை அவசரமாக மடக்கினோம். அந்த ஒன்றை மட்டும் யாரும் தொடவில்லை.

பஸ் தரிப்பிடத்தில் நெஸ்தோர் இடக்கையை உதறியபடி நின்றார். "ரெண்டு விரல் இல்லாத மாதிரிக் கிடக்கு" என்றார்.

ஐந்து இருபத்தைந்துக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன். குறட்டைச் சத்தம். எமில்! வாயைத் திறந்துகொண்டு, வலக்கை கட்டிலுக்கு வெளியே தொங்க, அடித்துப்போட்ட மாதிரித் தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டி இத்தனை வருசத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. சுவரில் சாய்ந்து அழுதேன்.

பிறகுதான் கண்டேன். சமையலறைக் கதிரை ஒன்று கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது. தொட்டேன். ஈரம்.

ஜெசிக்கா ஹோலில் படம் கீறிக்கொண்டிருந்தாள்.

"கதிரையை ஆர் கொண்டுபோனது?"

"மாமா."

"எந்த மாமா?"

"நனைஞ்ச மாமா."

அலுமாரிக்குள் இருந்த யூட்சன் அத்தானின் படத்தை எடுத்துக் காட்டினேன். "இந்தப் பெரியப்பாவோ?"

பிள்ளை வடிவாக உற்றுப் பார்த்தாள். "இவர் இல்லை."

பழைய படம், பிள்ளைக்கு எப்படித் தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மூன்று கிழமையும் எமில் குழந்தைப்பிள்ளை மாதிரித் தூங்கினார். முகம் தெளிந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கிறிஸ்மஸ் மரம் வைத்த நத்தார்ச் சந்தைக்குப் போனார். சாப்பாட்டு மேசையில் பகிடி விட்டுச் சிரிக்கவைத்தார். எனக்கு வேறு என்ன வேண்டும்? வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். கதிரையை ஒவ்வொரு நாளும் சமையலறையில் கொண்டுபோய் வைப்பேன். இருட்டினதும் அது கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். ஒருநாள் அந்த ஈரத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

நத்தாருக்கு முந்தின சனி. ஜெசிக்கா தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். எமில் நித்திரை. நான் சமையலறையில் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். நாலு நாற்பது. யன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை.

கிறீச்...

திரும்பிப் பார்த்தேன். மேசையடியில் மூன்று கதிரைதான் நின்றன. ஒரு நிமிடத்துக்கு முன்னால் நாலு.

கிறீச்... ஹோலில். மெல்ல மெல்ல இழுபட்டுப் போகிற சத்தம்.

"எமில்?"

அறையில் குறட்டை நிற்கவில்லை.

சொட்... சொட்...

செபமாலையைக் கையில் எடுத்தேன்.

அறை வாசலுக்கு வந்தேன். விளக்கைப் போட்டேன்.

கதிரை கட்டிலைப் பார்த்தபடி நின்றது. அதற்குக் கீழே தண்ணீர் தேங்கியிருந்தது.

கதிரையின் முதுகுப் பலகையில் ஈரக் கை அடையாளம்.

பெருவிரல். பிறகு இரண்டு விரல்.

அவ்வளவுதான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே... பக்கத்தில் இன்னொன்று பதிந்தது.

ஐயோ மாதாவே என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு படியிறங்கி ஓடினேன். கீழ்வீட்டுக் கிழவி கதவைத் திறந்து, குழாய் உடைந்துவிட்டதா என்று கேட்டாள். தன் வீட்டு உட்கூரையில் ஈரம் ஊறுகிறதாம்.

எமிலுக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடியும் நித்திரை போய்விடும், பிறகு அந்த மெஷின். பயத்தை விழுங்கிக்கொண்டு இருந்தேன்.

தை மாதம் நடுவில் தொலைபேசி அடித்தது. சமாதான காலம் என்று நத்தாருக்கு ஊருக்குப் போயிருந்த கலாதேவி அக்கா. இங்குள்ள தமிழ்ச் சனத்தில் எல்லாருக்கும் அவவைத் தெரியும்.

"கொறற்றி, எமிலைக் கூப்பிடு. எனக்குப் பக்கத்தில ஓராள் நிக்கிறார்."

எமில் வாங்கினார். நான் ஸ்பீக்கர் பொத்தானை அமத்தினேன்.

"டேய்... தம்பி..."

எமில் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். யூட்சன் அத்தான். உயிரோடு. அன்றைக்கு அவரை மன்னார்ப் பக்கத்து மீனவர்கள் தூக்கியிருக்கிறார்கள். பிறகு வருசக்கணக்காக வன்னிக்குள் அகப்பட்டு, இப்போதுதான் பாதை திறந்து பேசாலைக்கு வந்திருக்கிறார். தம்பி செத்துவிட்டான் என்று அவரும் பூசை கொடுத்துக்கொண்டிருந்தாராம். இரண்டு பேரும் குழறி அழுதார்கள். நானும் அழுதேன்.

பிறகு எமில் கேட்டார். "அண்ணை, என்னை மன்னியுங்கோ. நான்தானே உங்கட கையை விட்டனான்."

"என்ர கையோ? நான் மற்றப் பக்கத்தால விழுந்தனான். நீ என்னைப் பிடிக்கவே இல்லையடா."

"அப்ப... நான் ஆரின்ர கையைப் பிடிச்சனான்?"

எமில் தன் வலக்கையைப் பார்த்தார்.

"உனக்குப் பக்கத்தில ஒருத்தர் இருந்தவர். கடைசி நேரத்தில ஏறின மனிசன். பேர், ஊர் ஒருத்தருக்கும் தெரியாது. இடக்கையில ரெண்டு விரல் இல்லை."

நான் அறைப் பக்கம் திரும்பவில்லை. திரும்பப் பயமாக இருந்தது. கடலில் போனவர் என்றுதானே நான் கூப்பிட்டேன். கடலில் போனவர்தான் வந்திருக்கிறார்.

அடுத்த நாள் வேலையில் மாரிசோலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கையில் பிடித்திருந்த பானையை அவள் கீழே வைத்தாள்.

"பேர் சொல்லித்தான் அனுப்பவேணும், கொறற்றி. அவற்ற பேர் என்ன?"

"தெரியாது."

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அன்று பின்னேரம் நாலரை. எமில் நித்திரை. கதிரை அதே இடத்தில் நின்றது. எங்கள் வீட்டுக் கதிரை மடக்கிற கதிரையும் இல்லை.

முன்னால் போய் நின்றேன்.

"போங்கோ" என்றேன். வாழ்க்கையில் முதல்முறையாக, அந்த ஒரு சொல் மட்டும்.

சொட்... சொட்...

எமிலின் வலக்கை கட்டிலுக்கு வெளியே, கதிரைப் பக்கம் தொங்கியது. விரல்கள் எதையோ பிடித்த மாதிரி வளைந்திருந்தன. தொட்டேன். பனிக்கட்டி. இழுத்துப் பார்த்தேன்... வரவில்லை.

மணிக்கட்டில் பெருவிரல் தடம். அடுத்த பக்கம் இரண்டு.

"இஞ்சேருங்கோ... கையை விடுங்கோ... கையை விடுங்கோ!"

எமில் கண் திறக்கவில்லை. நித்திரையிலேயே சொன்னார்.

"நான் அப்பவே விட்டிட்டன், கொறற்றி..."

ஒரு மூச்சு.

"அவர்தான் விடேல்லை."